ஸ்பீக்கர் போனில் கேட்ட மணல்

மேல்பட்டாம்பாக்கத்தில் மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். அதற்குப் பிறகு என்னென்ன செய்தேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். பதினாலு வயதில், இன்ஜின் இல்லாமல் கையாலேயே ஆழ்குழாய்க் கிணறு இறக்குகிற கைபோர் கோஷ்டியில் பைப் திருகும் வேலைக்குப் போனேன். இருபத்திரண்டு வயதில் சொந்தமாக ஒரு கைபோர் செட் வைத்துக்கொண்டேன். அதை வாடகை மாட்டுவண்டியில் ஏற்றிக்கொண்டு நெல்லிக்குப்பம் கரும்புக் கொல்லைகளில் ஊர் ஊராக இறக்கினேன். அப்புறம் முதல் போர் வண்டி, அடுத்து இன்னொன்று, கடலூரில் ஷெட், ஷெட்டை ஒட்டி மாடி வீடு. திருவதிகைப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் மூன்று பேர் குழி போட்டுப் பார்த்துத் தண்ணீர் இல்லை என்று கைகழுவிவிட்டுப் போன இடத்தில் நான் தண்ணீர் எடுத்துக் கொடுத்தேன். மங்கலம்பேட்டையில் பாறையோடு பதினோரு நாள் மல்லுக்கு நின்றேன். ஒரே பெண்ணை எம்.எஸ்சி. வரை படிக்க வைத்தேன். பின்னால் நின்று என்னைத் தூக்கிவிட யாரும் இல்லை. எங்கள் வகையில் எனக்கு முன்னால் யாரும் வயலை விட்டு வெளியே வந்ததும் இல்லை.

இத்தனையும் செய்தவனுக்கு உள்ளங்கை அகலத்துக்கு இருக்கிற ஒரு போனில் பேச வரவில்லை என்று வீட்டு ஆட்கள் சொன்னபோது நான் நம்பவில்லை. இப்போதும் பாதிதான் நம்புகிறேன். என்ன நடந்தது என்று எழுதிப் பார்த்தாலாவது விளங்குமா என்றுதான் இதை எழுதுகிறேன்.

என் பெண்ணைச் சிதம்பரத்தில் கொடுத்திருக்கிறேன். அங்கேயே ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர். சம்பந்தி ஆபீஸ் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர். மெதுவாகப் பேசுவார். அவருடைய ஒரு வார்த்தைக்கும் அடுத்த வார்த்தைக்கும் நடுவில் ஒரு டீ குடித்து முடித்துவிடலாம். அவர்கள் தெருவில் வருகிற தண்ணீர் உப்பு. அதில் பருப்பு வேகாது, சோப்பு நுரைக்காது. தெருக்காரர்கள் சேர்ந்து ஒரு சங்கம் வைத்திருக்கிறார்கள், சம்பந்திதான் அதற்குச் செயலாளர். பொதுவில் ஆழமாக ஒரு போர் போடலாம் என்று சங்கத்தில் பேச்சு வந்தபோது என் பெண் எழுந்து நின்று, "எங்கப்பா போட்டுத் தருவாரு. நல்ல தண்ணி வரும். அதுக்கு நான் பொறுப்பு" என்று சொல்லிவிட்டாள்.

வாழப்போன இடத்தில் நாலு பேர் நடுவில் அவள் வாயைத் திறந்தது அதுதான் முதல் தடவை. நல்ல தண்ணீர் வந்தால் அந்தத் தெருவில் அவள் சொல்லுக்கு மரியாதை. உப்பு வந்தால், ஒவ்வொரு வீட்டிலும் குடம் தூக்கும்போதெல்லாம் அவளைத்தான் சொல்வார்கள். இது எனக்குத் தெரியும். அவளுக்கும் தெரியும்.

எங்கே குழி போடுவது என்று பேச ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் சம்பந்தி கூப்பிட்டார். நான் ஷெட்டில் நின்றுகொண்டிருந்தேன். அவர் வீட்டு ஹாலில் ஒரு பாத்திரத்தைக் கவிழ்த்து, அதன்மேல் போனை வைத்து, ஸ்பீக்கரில் போட்டு, சங்கத்து ஆட்கள் ஏழெட்டுப் பேர் சுற்றி உட்கார்ந்திருக்கிறார்கள் என்பது எனக்குத் தெரியாது. சம்பந்தியிடம் பேசுவதாக நினைத்துத்தான் பேசினேன்.

"சம்பந்தி, எடம் பாத்து வச்சிருக்கோம். புள்ளையார் கோயிலுக்குப் பக்கத்துல" என்றார்.

"வேணாம். வேணாம். வடக்கு மூலைல போடணும். வடக்கு மூலைல. கேக்குதா?"

"கேக்குது. ஆனா அங்க வண்டி நிக்க எடம்..."

"நிக்கும். நிக்கும். வேலிய எடுங்க. எடுக்கச் சொல்லுங்க. ஆங்?"

"யாரு வேலிய யாரு எடுக்கிறது?" என்று யாரோ ஒரு புதுக் குரல் கேட்டது.

"யாரது? யாரது? போன சம்பந்திகிட்ட குடு. குடு."

அதோடு லைன் நின்றுவிட்டது. டவர் கிடைக்கவில்லை என்று நினைத்துக்கொண்டு நான் என் வேலையைப் பார்த்தேன். அரை மணி கழித்துப் பெண் கூப்பிட்டாள்.

"ஏம்பா இப்பிடி? அத்தன பேரு எதுருல சண்ட போடுறீங்க?"

"சண்டயா? நான் எங்கம்மா சண்ட போட்டேன்?"

"எடு எடுன்னு வெரட்டுனீங்களே. வேலிக்காரரு அங்கதான் உக்காந்திருந்தாரு. 'உங்கப்பா இன்னா கலெக்டரா'ன்னு கேட்டுட்டு எழுந்து போயிட்டாரு. மாமா மொகம் சுருங்கிப் போச்சு."

"ஸ்பீக்கர்ல போட்டிருக்குன்னு ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?"

"சொல்லியிருந்தா மட்டும் வேற மாதிரி பேசியிருப்பீங்களாக்கும்" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

எனக்கு ஒன்றும் ஓடவில்லை. நான் சொன்னதில் ஏதாவது தப்பு உண்டா? வடக்கு மூலைதான் சரியான இடம். வேலியை எடுத்தால்தான் வண்டி நிற்கும். உள்ளதைத்தான் சொன்னேன். ஒவ்வொன்றையும் இரண்டு தரம் சொல்வது எங்கள் வேலையில் பழக்கம். இன்ஜின் ஓடும்போது முதல் தரம் சொல்வதை இன்ஜின் தின்றுவிடும், இரண்டாவதுதான் ஆளுக்குப் போய்ச் சேரும். அவன் திரும்ப "ஆங்" என்று கத்தினால்தான் கேட்டது என்று அர்த்தம். அப்படிப் பேசித்தான் இத்தனை வருஷம் ஒருத்தன் கைவிரல்கூடப் போகாமல் வேலை நடத்தினேன். அது எப்படிச் சண்டை ஆகும்?

வீட்டில் சொன்னேன். மனைவி சிரித்தாள்.

"என்கிட்டயும் அப்பிடித்தான் பேசுறீங்க. சோறு போடு, போடு. தண்ணி வையி, வையி. நான் இன்னா உங்க போர் மிஷினா?"

"இத்தன வருஷமா ஏன் சொல்லல?"

"சொன்னேன். ஒங்களுக்கு எங்க காது கேக்குது?"

என் காதுக்கு ஒரு குறையும் கிடையாது. அதை இந்த இடத்திலேயே சொல்லிவைக்கிறேன்.

மறுநாள் மெதுவாகப் பேசிப் பார்க்கலாம் என்று சம்பந்தியைக் கூப்பிட்டேன். குரலைத் தணித்து, சொன்னதைத் திரும்பச் சொல்லாமல் இரண்டு நிமிஷம் பேசினேன். அவர் பதறிப்போய், "சம்பந்தி, ஒடம்புக்கு முடியலியா? யாராவது பக்கத்துல இருக்காங்களா?" என்று கேட்டார். சரி, படித்தவர்கள் மாதிரி பேசலாம் என்று ஒரு தாளில் மனைவியை எழுதச் சொல்லி, "மதிப்பிற்குரிய சங்கத்தினருக்கு வணக்கம்" என்று போனில் வாசிக்க ஆரம்பித்தேன். மூன்றாவது வரி போவதற்குள் மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடிவிட்டாள். சம்பந்தி, "பக்கத்துல யாருங்க வாசிக்கிறாங்க?" என்றார்.

கத்தினால் சண்டை. மெதுவாகச் சொன்னால் நோயாளி. ஒழுங்காகச் சொன்னால் வேறு ஆள். இதில் நான் எங்கே இருக்கிறேன்?

என் மனைவியின் கடைசித் தம்பி, எனக்கு மச்சான், என்னிடம் தொழில் கற்றுக்கொண்டவன். இப்போது பெரிய வண்டியை அவன்தான் ஓட்டுகிறான். ஷெட்டில் வந்து உட்கார்ந்தவன் என்னையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னான்: "மாமா, நீங்க பேசுறதுல பாதிதான் வாயில வருது. மீதி கையில வருது."

"போடா. கையில எங்கடா பேச்சு வரும்?"

"அந்த வேலிக்காரருக்குப் போன் பண்ணி சமாதானம் சொல்லுங்க. நான் வீடியோ எடுக்கிறேன். அப்பறம் நீங்களே பாத்துக்கங்க."

வேலிக்காரரைக் கூப்பிட்டு என்னால் முடிந்த மட்டும் தணிந்து பேசினேன். அவர் "ம்" என்றார், "ம்" என்றார், "யோசிக்கிறேன்" என்று வைத்துவிட்டார். நன்றாகத்தான் பேசினேன் என்று நினைத்தேன். மச்சான் வீடியோவைக் காட்டினான்.

அதில் இருந்த ஆள் நான்தான். வாய் சொல்கிறது: "வேலிய எடுத்தா நல்லது. நல்லது. நாலு நாளு. ஆங்?" அவ்வளவுதான். கை என்ன செய்கிறது? முதலில் நெஞ்சில் வைத்துக்கொள்கிறது. பிறகு இரண்டு கையும் சேர்ந்து கும்பிடுகிறது. பிறகு இரண்டு கையும் காற்றில் முள்ளை முடைந்து முடைந்து, கட்டி, அழுத்தி வைக்கிறது. வேலை முடிந்ததும் வேலியை நானே முன்பு இருந்ததைவிட நன்றாகக் கட்டிக் கொடுக்கிறேன் என்று கையால் சொல்லியிருக்கிறேன். வாயில் அந்தப் பேச்சே இல்லை. ஆனால் சத்தியமாகச் சொல்கிறேன், அதைச் சொன்னதாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

"பாத்தீங்களா?" என்றான். "வண்டிகிட்ட நிக்கிறவனுக்கு உங்க கை தெரியும். போன்ல கை போகாது மாமா. 'எடு எடு' மட்டுந்தான் போவும்."

அந்த வீடியோவை நாலு தரம் பார்த்தேன். அதைப் பார்த்ததும் தெளிவு வந்திருக்க வேண்டும். குழப்பம்தான் ஜாஸ்தி ஆனது. அப்படியென்றால் இத்தனை காலம் நான் போனில் பேசிய ஆட்களிடமெல்லாம் யார் பேசினது? பெண்ணை ஹாஸ்டலில் விட்டுவிட்டு வாரம் ஒரு தரம் கூப்பிடுவேனே, அப்போது அவளுக்கு என்ன போய்ச் சேர்ந்திருக்கும்? "சாப்ட்டியா, சாப்ட்டியா, படி, படி, ஆங்" என்பது மட்டும்தானா?

மச்சான் ஒரு யோசனை சொன்னான். கையைக் கட்டிக்கொண்டு பேசினால் கையில் போகிறது வாய்க்கு வந்துவிடுமாம். கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். கை நின்றதும் வாயும் நின்றுவிட்டது. ஒரு வார்த்தை வரவில்லை. கடைசியில் மச்சானே சிதம்பரத்துக்கு நேரில் போய் வேலிக்காரரிடம் பேசி, வடக்கு மூலைக்கு ஒப்புக்கொள்ள வைத்துவிட்டு வந்தான்.

வண்டியோடு நானும் போயிருந்தால் எல்லாம் சரியாக இருந்திருக்கும். அந்த வாரம்தான் எனக்குக் கண் ஆபரேஷன் ஆகியிருந்தது. புழுதியில் நிற்கக் கூடாது, குனியக் கூடாது, பஸ்ஸில் போகக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். ஆகவே கடலூரில் கட்டிலில் கறுப்புக் கண்ணாடியோடு நான். சிதம்பரத்தில் வண்டியும் மச்சானும் நாலு ஆட்களும். நடுவில் சம்பந்தியின் போன், ஸ்பீக்கரில்.

காலை எட்டு மணிக்கு ஆரம்பித்தார்கள். அந்தப் பக்கத்து மண் எனக்குத் தெரியும். மேலே களிமண், அதற்குக் கீழே ஒரு மணல், மறுபடி களி, அதற்கும் கீழே இன்னொரு மணல். பத்தரை மணிக்கு முதல் மணல் வந்தது. தெருவே கைதட்டியது போனில் கேட்டது.

"மணல் வந்துடுச்சு சம்பந்தி! பைப் எறக்கிடலாமா?"

"மணல அள்ளிப் பாருங்க. பாருங்க. கிளிஞ்சல் இருக்கா?"

அவர் சேற்றில் குனிந்து பார்த்திருக்கிறார். "இருக்கு. சின்னச் சின்னதா, வெள்ளையா."

"உப்பு. உப்பு. கீழ போகணும்."

கிளிஞ்சல் கலந்த மணல் பழைய கடல் கிடந்த மணல். அதில் பைப்பை இறக்கினால் இப்போது வருகிற அதே உப்புத்தான். எங்கள் தொழிலில் இது எல்லோருக்கும் தெரிந்தது. தெருக்காரர்களுக்குத் தெரியாது. கைக்கு வந்த மணலை விட்டுவிட்டுப் போகிறானே என்று பின்னால் முணுமுணுத்தார்கள். அந்த முணுமுணுப்பையும் போன் கொண்டுவந்து சேர்த்தது. மச்சான் கீழே இறக்கினான்.

அதற்கப்புறம் களி. ராடு என்பது துளையில் ஒன்றன்பின் ஒன்றாகத் திருகி இறக்குகிற இரும்புத் தண்டு; ஒரு ராடு முடிந்து அடுத்த ராடு போட்டார்கள், அப்போதும் களி. சாப்பாட்டு நேரம் போயிற்று. களியில் ஓடும்போது இன்ஜின் முக்கிக்கொண்டே இருக்கும், ஒரே மாதிரி. கேட்கிறவனுக்குத் தூக்கம் வரும். சம்பந்தி போனைப் பிடித்துப் பிடித்துக் கை வலித்து, ஓரமாக அடுக்கியிருந்த ராடுகளின்மேல் வைத்துவிட்டார். நாலரை மணி வாக்கில் தெருவில் பேச்சு மாறிவிட்டது.

"போதும்பா. மேல இருந்த மணல்லயே போட்டுடுங்க. குடிக்க ஆவாட்டியும் துணி தொவைக்கலாமே."

"டீச்சரம்மா பெரிசா சொன்னாங்க. கடைசில சேறுதான் மிச்சம்."

அதை யார் சொன்னது என்று தெரியவில்லை. என் பெண் பள்ளிக்கூடம் விட்டு அந்த நேரத்துக்கு வந்துவிட்டாள் என்பதும் எனக்குத் தெரியாது. சம்பந்தி போன் பக்கம் வந்தார். "சம்பந்தி, எல்லாரும் நிறுத்தச் சொல்றாங்க. நானும் அதான் சரின்னு நெனைக்கிறேன்."

"நிறுத்தாதீங்க. நிறுத்தாதீங்க. கீழ போங்க. ஆங்?"

"நீங்க இப்பிடி அதட்டுனா நான் இவுங்களுக்கு என்னா பதில் சொல்றது?" என்றார். முதல் தடவையாக அவர் குரலும் சூடாகிவிட்டது. "நான் வைக்கிறேன்."

போனைத் தலையணைமேல் வைத்திருந்தேன். என் இரண்டு கையும் எழுந்து அந்தத் தலையணையைப் பார்த்துக் கும்பிடுவதை நானே பார்த்தேன். கறுப்புக் கண்ணாடிக்குள்ளிருந்து கலங்கலாகத் தெரிந்தது. இது அங்கே போகாது என்று உறைத்தது. கட்டில் சட்டத்தை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். அப்புறம் வாய் என்ன பேசியது என்று எனக்கே சரியாக நினைவில்லை. மனைவி பக்கத்தில் இருந்தாள், அவள் சொல்லித்தான் எழுதுகிறேன்.

"சம்பந்தி, வச்சுடாதீங்க. நான் அதட்டல. எனக்குப் பயமா இருக்கு. எம் பொண்ணு உங்க தெருவுல அத்தன பேரு நடுவுல வாக்கு குடுத்துட்டா. உப்பு வந்துச்சுன்னா அவ எப்பிடித் தலை நிமிந்து நடப்பா? நேர்ல இருந்தா உங்க கையப் புடிச்சிக் கேட்டிருப்பேன். வர முடியாம கெடக்கேன். இன்னும் மூணு ராடு விடுங்க. அதுலயும் வரலன்னா, அவ அப்பன்தான் தப்பு பண்ணான், அவ பண்ணலன்னு எல்லாரு முன்னாலயும் நீங்களே சொல்லிடுங்க."

எதையும் இரண்டு தரம் சொல்லவில்லையாம். "ஆங்" என்றும் கேட்கவில்லையாம்.

பிறகு சம்பந்தியின் குரல், தள்ளி எங்கோ யாரிடமோ, "மூணு ராடு போடச் சொல்லுப்பா" என்றது. இன்ஜின் மறுபடி முக்க ஆரம்பித்தது.

ஒரு ராடு முழுக்கக் களி. இரண்டாவது ராடு பாதி இறங்கியிருக்கும். ராடு அடுக்கின்மேல் கிடந்த போனில் சத்தம் மாறியது. முக்கல் போய் ஒரு உதறல். முறத்தில் அரிசி புடைக்கிற மாதிரி, மெல்லிசாக, சரசரவென்று. கட்டிலில் எழுந்து உட்கார்ந்துவிட்டேன்.

"மச்சான்! மணல்! மணல்!"

"இல்ல மாமா, களிதான் வந்துகிட்டிருக்கு" என்று தூரத்திலிருந்து கத்தினான்.

"சேறு மேல வர நேரம் ஆவும்டா! மணல்ல ஓடுது! கேக்குது!"

அவன் இன்ஜின் பக்கத்தில் நிற்கிறவன், அவன் காதுக்கு அது எட்டவில்லை. சுற்றி நின்ற நாற்பது பேருக்கும் எட்டவில்லை. தரை வழியாக ராடு அடுக்குக்கு வந்த அதிர்வு அதன்மேல் கிடந்த போனுக்குள் மட்டும்தான் போயிருக்கிறது. கொஞ்ச நேரம் கழித்துச் சேற்றுத் தண்ணீரின் நிறம் மாறி மணல் மேலே வந்தது. பெரிய மணல், சுத்தமான மணல், ஒரு கிளிஞ்சல்கூட இல்லை. மேலே இருந்த உப்பு கீழே இறங்காதபடி நடுவில் களியை உருட்டிப் போட்டு அடைக்கச் சொன்னேன். மூன்றாம் நாள் கம்ப்ரெசர் வைத்துக் குழாயில் இருந்த சேற்றைக் காற்றால் ஊதி வெளியே தள்ளியபோது என் பெண் ஒரு டம்ளரில் பிடித்துக் குடித்துவிட்டு, "அப்பா, இனிக்குதுப்பா" என்று போனில் சொன்னாள். அப்போது நான் என்ன பதில் சொன்னேன் என்று கேட்காதீர்கள். கைதான் ஏதோ சொல்லியிருக்கும்.

இதோடு முடிந்திருக்கலாம். குழாய் திறக்கும் விழாவுக்கு நான் நேரில் போனேன். தெருமுனையில் ஷாமியானா, மேடை, மைக், இரண்டு குழாய் ஸ்பீக்கர். சம்பந்தி பேசினார். மைக்கில் அவர் குரல் வீட்டில் பேசுவது மாதிரியே இருந்தது, அது எப்படி என்று எனக்குத் தெரியவில்லை. "இது நம்ம தெருவோட கூட்டு முயற்சி" என்றார். மச்சானுக்குப் பொன்னாடை போட்டார்கள். எனக்கும் போட்டார்கள், "நம்ம டீச்சருடைய தந்தை" என்று. பிறகு மைக்கை என் கையில் கொடுத்துவிட்டார்கள்.

"வணக்கம்" என்றேன். தெருக்கோடியில் இருந்த ஸ்பீக்கர் அதையே திருப்பிச் சொன்னது. அங்கே யாரோ பதில் கொடுக்கிறார்கள் என்று உடம்பு பழக்கத்தில் நின்றுவிட்டது. காத்திருந்தேன். எல்லோரும் என்னைப் பார்த்துக் காத்திருந்தார்கள். "மைக்கக் கிட்ட வைங்க" என்றார் ஒருத்தர். வைத்தேன், அது கீச்சென்று கத்தியது. "தள்ளி வைங்க" என்றார் இன்னொருத்தர். ஒரு கையில் மைக் இருந்ததால் மிச்சம் ஒரு கைதான் இருந்தது. கிளிஞ்சல் மணலைப் பற்றியும், ராடுமேல் இருந்த போனைப் பற்றியும், அந்தச் சரசரப்பைப் பற்றியும் சொல்லத்தான் மேடை ஏறினேன். "தண்ணிய நல்லா வச்சிக்கங்க. வச்சிக்கங்க" என்று சொல்லிவிட்டு இறங்கினேன். கைதட்டினார்கள்.

கீழே வந்ததும் வேலிக்காரர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "ஐயா, அன்னிக்கு போன்ல பேசுனீங்களே, பயமா இருக்குன்னு. எங்க வீட்ல பொம்பளைங்க அழுதுட்டாங்க. அந்தப் பேச்சுதான் ஐயா இந்தத் தண்ணி" என்றார். நாலைந்து பேர் அதையே சொன்னார்கள். தெருவில் என் பெண்ணைத்தான் முதலில் தண்ணீர் பிடிக்கச் சொல்கிறார்கள், அது சந்தோஷம். அவளும் வந்து, "அன்னிக்குப் பேசுனது போதும்பா எனக்கு" என்றாள்.

எனக்குப் போதாது. நான் பயந்துபோய் உளறினதை ஒரு தெருவே ஸ்பீக்கரில் கேட்டு அதைப் பாராட்டுகிறது. நான் அறுபது வயதுக்கு மேல் தொழில்காரனாக நின்று, ஆபரேஷன் பண்ணிய கண்ணோடு, ஒரு ஊர் தள்ளிப் படுத்துக்கொண்டு, மண்ணுக்கடியில் இருந்த மணலைக் காதால் பிடித்ததை ஒருத்தரும் பேசவில்லை. பயப்பட யாருக்கு வேண்டுமானாலும் வரும். மணலைக் காதால் பிடிக்க வருமா? இவர்கள் எதைக் கேட்கிறார்கள், எதை விடுகிறார்கள் என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

போருக்குப் பக்கத்தில் சங்கம் ஒரு கல் வைக்கப்போகிறது. எழுத்து இன்னும் வெட்டவில்லை என்று மச்சான் சொன்னான். சம்பந்தி, இதை வாயால் கேட்டால் அதட்டலாகக் கேட்கும், அதனால் எழுதிக் கேட்கிறேன். கூட்டு முயற்சி என்று தாராளமாகப் போட்டுக்கொள்ளுங்கள். அதற்குக் கீழே ஒரு வரி: முதல் மணலை வேண்டாம் என்றதும், இரண்டாம் மணலை மற்ற எல்லோருக்கும் முன்னால் கேட்டதும் கடலூர் போர்க்காரர். இந்த வரி கல்லில் இருக்க வேண்டும்.